ராஜாசாரஸ்: இல்லாத எலும்புகளை எதை வைத்து நிரப்புவது?

கரித்துண்டு:

வணக்கம். ராஜாசாரஸ் நர்மடென்சிஸ் என்ற மாமிசபட்சிணி டைனோசாருக்குப் பக்கவாட்டு எலும்புக்கூட்டுப் படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். அளவு 1:10. பிறகு அதையே பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாக ஏற்றுவதாகத் திட்டம்.

கையில் இருக்கும் ஆதாரம், இந்த விலங்கை முதலில் விவரித்த, எல்லோருக்கும் தெரிந்த அதே 2003 ஆய்வுக்கட்டுரைதான். குஜராத்தில் பாலாசினோர் பக்கத்து ரையோலியில் 1982–84 வாக்கில் ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) தோண்டி எடுத்த எலும்புகள். மண்டையோட்டில் நம்பி நிற்கக்கூடிய பகுதி மூளைப்பேழையும் அதன் மேலுள்ள குட்டைக் கொம்பும். அதற்குப் பின் முதுகெலும்புத் துண்டுகள், இடுப்பு, பின்கால் பாகங்கள், கொஞ்சம் வால். முன்கை இல்லை. வாலின் பின்பாதி இல்லை.

இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் அதே அபெலிசார் குடும்பத்தைச் சேர்ந்த கார்னோடாரஸை எடுத்துக் கொம்பை மட்டும் மாற்றி வைத்தவை. எனக்கு அது வேண்டாம். கேள்விகள்:

எந்த உறவினரிடமிருந்து எந்த எலும்பைக் கடன் வாங்குவது? ஒரே விலங்கை முழுவதும் பின்பற்றுவதா, பாகத்துக்கு ஒன்றாக எடுப்பதா? முதுகெலும்பு வரிசையில் நடுவில் விடுபட்டவற்றின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? கட்டுரைப் படங்களில் அளவுகோலை வைத்து நேரடியாக அளந்தால் எவ்வளவு நம்பலாம்? கடைசியாக, நீளமும் எடையும் சொல்லியே ஆகவேண்டும் என்று மாதிரியைக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு பிழை வரம்பு போடலாம்?

பாறைப்படிவு:

முதலில் படம் வரையாதீர்கள். ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு எலும்புக்கு ஒரு வரி: மாதிரி எண், இடமா வலமா, எந்தப் பகுதி கிடைத்திருக்கிறது, நீளம், தண்டின் மிகக் குறைந்த சுற்றளவு, நசுங்கியிருக்கிறதா, முறிந்திருக்கிறதா. கடைசி நெடுவரிசையில் ‘ஆதாரம்’. இதில் ஐந்து எழுத்துகள் போதும். அ என்றால் அதே விலங்கின் எலும்பு. ஆ என்றால் அதே விலங்கின் மறுபக்க எலும்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியது. இ என்றால் அதே இனத்தின் வேறு மாதிரி. ஈ என்றால் உறவினரிடமிருந்து அளவு மாற்றி எடுத்தது. உ என்றால் ஊகம். படம் முடிந்த பிறகு வண்ணம் கொடுக்க இந்த நெடுவரிசைதான் உதவும். இது இல்லாமல் ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் எது எலும்பு, எது உங்கள் கற்பனை என்று உங்களுக்கே தெரியாது.

ராஜாசாரஸுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ரையோலிக் குழியில் மாமிசபட்சிணி எலும்புகளும் சாரோபாட் (நீண்ட கழுத்துத் தாவரபட்சிணி டைனோசார்) எலும்புகளும் கலந்தே கிடந்தன. எது எதோடு சேர்ந்தது என்று பிரிக்க முடிந்ததற்குக் காரணம், தோண்டும்போதே எலும்புகள் கிடந்த நிலையை வரைந்து வைத்த குழி வரைபடம். அதை வைத்துத்தான் இவை ஒரே உடலுக்குச் சேர்ந்தவை என்று பின்னாளில் சேர்க்க முடிந்தது. அப்படி ஒரு வரைபடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜபல்பூர் பாரா சிம்லாவில் கிடைத்த லமெட்டாசாரஸ் இருக்கிறது. இடுப்பு, கால் எலும்பு, தோல் கவசத் தகடுகள் எல்லாவற்றையும் ஒரே உடலாகக் கருதி அதைக் கவச டைனோசார் என்று மேட்லி எழுதினார். இடுப்பும் காலும் மாமிசபட்சிணியுடையவை, தகடுகள் வேறு விலங்குடையவை என்பது பிறகுதான் தெளிவானது. அதனால் ‘லமெட்டா பாறையடுக்கிலிருந்து (ரையோலி, ஜபல்பூர் எலும்புகள் கிடைத்த அதே அடுக்கு) கிடைத்த அபெலிசார் எலும்பு’ என்று எங்காவது பார்த்தால் உடனே இழுத்து உங்கள் கூட்டில் மாட்டிவிடாதீர்கள். அது உங்கள் அட்டவணையில் ‘இ’ அல்ல, ‘ஈ’. இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் என்று 1933-இலேயே பெயர் வைக்கப்பட்ட துண்டுகளுக்கும் இதே விதிதான்.

உறவினரைத் தேர்ந்தெடுப்பது பாகத்துக்குப் பாகம் மாறும். ஒரே விலங்கை முழுதாகப் பின்பற்றினால் அதன் தனித்தன்மைகளும் சேர்ந்தே வந்துவிடும். கார்னோடாரஸில் இன்னொரு சிக்கல். 1985-இல் விவரிக்கப்பட்ட அந்த ஒரே எலும்புக்கூடு அபெலிசார்களில் மிக முழுமையானவற்றில் ஒன்று என்பது உண்மைதான். ஆனால் வாலின் பெரும்பகுதியும், முழங்காலுக்குக் கீழே பெரும்பகுதியும், பாதங்களும் அதில் கிடையாது. அருங்காட்சியகங்களில் நிற்கும் கார்னோடாரஸின் கணுக்காலைப் பார்த்து நீங்கள் ராஜாசாரஸுக்குப் பாதம் வரைந்தால், இன்னொருவர் நிரப்பிய ஊகத்தின் மேல் உங்கள் ஊகத்தை ஏற்றுகிறீர்கள். படத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

என் தேர்வு இப்படி இருக்கும். மண்டையோட்டு முகப்பகுதிக்கும் கழுத்துக்கும் மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ். பல மாதிரிகள் கிடைத்திருப்பதால் ஒரே இனத்துக்குள் எவ்வளவு மாறுபாடு வரும் என்றும் பார்க்கலாம். பின்காலுக்கு மஜுங்காசாரஸ், அர்ஜென்டினாவின் ஔகாசாரஸ் இரண்டையும் வைத்து இரண்டு படம் வரைந்து, உங்களிடம் இருக்கும் கால் எலும்புகளின் தடிமன் எதற்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். மஜுங்காசாரஸின் கால்கள் உடலுக்குக் குட்டையானவை, தடித்தவை. கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டாலும் தப்பாகலாம்.

முன்கைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், ஆனால் ஒரு பொதுத் தவறைத் தவிருங்கள். மஜுங்காசாரஸில் முழங்கைக்குக் கீழுள்ள எலும்புகள் மேற்கை எலும்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மணிக்கட்டு எலும்புகள் எலும்பாக இறுகவே இல்லை. விரல்கள் நான்கு. டைரனோசாரஸ் கையைச் சின்னதாக்கி ஒட்டினால் இவை மூன்றும் தப்பாகும்.

முதுகெலும்பு வரிசைதான் நேரம் தின்னும் வேலை. மாமிசபட்சிணிகளில் இடுப்புக்கு முன்னால் பொதுவாக 23 முள்ளெலும்புகள், கழுத்தில் 10, முதுகில் 13. மஜுங்காசாரஸும் அப்படியே. கிடைத்த ஒரு எலும்பு எத்தனையாவது என்று கண்டுபிடிக்க, விலா எலும்பின் தலை பொருந்தும் கீழ் முகப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் அது முள்ளெலும்பின் உருளை உடலில் தாழ்ந்து இருக்கும். முதுகில் பின்னால் போகப் போக மேலே ஏறி, உருளையை விட்டு மேல்வளைவுக்கே போய்விடும். ஏற்றத்தின் எந்தப் படியில் நிற்கிறது என்பதை வைத்து ஒன்றிரண்டு இடம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். அட்டவணையில் ‘முதுகு 6’ என்று எழுதாமல் ‘முதுகு 5–7’ என்று எழுதுங்கள்.

இடைவெளியை நிரப்ப, எண்ணை கிடை அச்சிலும் உருளை நீளத்தை நிலை அச்சிலும் குறித்து ஒரு கோடு வரையுங்கள். எடுத்துக்காட்டுக்கு, 5-ஆவது 80 மி.மீ., 9-ஆவது 92 மி.மீ. என்றால் நடுவில் 83, 86, 89. மூன்று நான்கு எலும்பு இடைவெளிக்கு இந்த நேர்கோட்டுக் கணக்கு பாதகமில்லை. அதற்கு மேல் போனால் உறவினரின் வளைகோட்டை எடுத்து, உங்களிடம் உள்ள புள்ளிகளில் பொருந்தும்படி உயர்த்தித் தாழ்த்துங்கள். கழுத்து முதுகாக மாறும் இடத்தில் வளைகோடு திரும்பும். நேர்கோடு அங்கே பொய் சொல்லும்.

எலும்புகளை ஒன்றோடொன்று முட்டவைத்து அடுக்கவே கூடாது. நடுவில் குருத்தெலும்பு இருந்தது. 23 எலும்பு, சராசரி 85 மி.மீ. என்றால் மொத்தம் 1,955 மி.மீ. இடைவெளியை 5 விழுக்காடாக வைத்தால் கிட்டத்தட்ட 10 செ.மீ. கூடும், 10 விழுக்காடு என்றால் 20 செ.மீ. நீளம் மட்டுமில்லை, கழுத்தின் வளைவே மாறிவிடும். கால் எலும்பு முனைகளுக்கும் இதே கதைதான். முதலையிலும் பறவையிலும் குருத்தெலும்பு போன பிறகு எலும்பு கணிசமாகக் குட்டையாகும் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

வால்முள்:

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றோடு ஒத்துப்போகிறேன். ஒன்றில் மட்டும் மாற்றுக்கருத்து. முகப்பகுதிக்கு மஜுங்காசாரஸை எடுக்கச் சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் மூளைப்பேழையின் மேல்பக்க அமைப்பு இரண்டிலும் வேறு. மஜுங்காசாரஸின் கொம்பு நெற்றியில் குமிழ்போல் நடுவில் நிற்கும். ராஜாசாரஸில் மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து அந்தக் குட்டைக் கொம்பை உண்டாக்குகின்றன. தலை உச்சியில் தாடைத் தசை ஏறும் துளைகள் நீளமானவை. அதனால் மூக்கெலும்பின் பின்முனையை ராஜாசாரஸிலிருந்தே ஆரம்பித்து முன்னோக்கி வளருங்கள். மஜுங்காசாரஸ் முகத்தை அப்படியே கொண்டுவந்து நெற்றியில் ஒட்டினால், சேரும் இடத்தில் ஒரு படி விழும். அதை மறைக்கக் கொம்பை உயர்த்துவார்கள். அப்படித்தான் ராஜாசாரஸுக்குப் படங்களில் காண்டாமிருகக் கொம்பு முளைத்தது.

தலைத் துண்டு ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில் உள்ள ஆபத்துக்கு மஜுங்காசாரஸே சாட்சி. அதன் நெற்றிக் குமிழ் தனியாகக் கிடைத்தபோது 1979-இல் அதை முட்டுத்தலை டைனோசார் என்று நினைத்து மஜுங்காதோலஸ் என்று பெயர் வைத்தார்கள். 1996-இல் முழு மண்டையோடு கிடைத்தபின்தான் அந்தக் குமிழ் ஒரு மாமிசபட்சிணியின் தலையில் இருந்தது என்று தெரிந்தது. செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. தடித்த நெற்றி என்றால் அன்றைக்குத் தெரிந்த ஒரே விடை அதுதான்.

நசுங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் அட்டவணையில் ‘ஆ’ என்று வரும் கண்ணாடிப் பிம்பம் சுலபமாகத் தெரியும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். மூளைப்பேழை மாதிரி நடுக்கோட்டு எலும்பின் ஒரு பாதி நசுங்கியிருந்தால், அந்தப் பாதியைத் திருப்பி ஒட்டினால் நசுங்கல் இரட்டிப்பாகும். மண்டையோடு இயல்பைவிடக் குறுகலாகவோ அகலமாகவோ போகும், ஆனால் பார்க்கச் சமச்சீராக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் நடுக்கோட்டில் ஐந்தாறு புள்ளிகள், இரு பக்கமும் ஜோடியாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் குறியுங்கள். நடுக்கோட்டுப் புள்ளிகள் ஒரே தளத்தில் விழுகின்றனவா, ஜோடிகளை இணைக்கும் கோடுகள் அந்தத் தளத்துக்குச் செங்குத்தா என்று பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தால் அது சாய்வுச் சிதைவு. கணினியில் திருப்பிச் சாய்த்துச் சரிசெய்யலாம். கோடுகள் செங்குத்தாகவே இருந்து எலும்பு மட்டும் தட்டையாகி இருந்தால் கணக்கால் மீட்க முடியாது. எவ்வளவு தட்டையானது என்று சொல்ல அதே எலும்பின் நசுங்காத ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் அகலத்துக்கு ஒரு வரம்பைப் போட்டுவிட்டு நகருங்கள்.

முப்பரிமாணத்துக்குப் போகும்போது பக்கவாட்டுப் படத்தில் தெரியாத தவறுகள் வெளியே வரும். விலா எலும்புகள் பக்கவாட்டில் நேராக விரிவதில்லை, கீழே இறங்கும்போது பின்னோக்கிச் சாயும். நேராக விரித்தால் மார்பு பீப்பாய் ஆகிவிடும், வயிறு இரண்டு மடங்கு போல் தெரியும். தோள் எலும்புகளின் கீழ்முனைகள் மார்பின் நடுவில் நெருங்கி வரவேண்டும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. வயிற்றடி எலும்புகளை மறக்காதீர்கள். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் ‘சூ’ டைரனோசாரஸுக்கே 2018-இல் கூட்டை மறுபடி நிறுத்தும்போதுதான் அவற்றைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் விலங்கு கண்ணெதிரே தடித்துவிட்டது.

கரித்துண்டு:

மிக்க நன்றி இருவருக்கும். அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். குமிழ், கொம்பு வித்தியாசம் முக்கியமான திருத்தம்.

இரண்டு கேள்விகள் மிச்சம். அளவுகள் எல்லாம் கட்டுரைத் தட்டுப்படங்களிலிருந்துதான் (எலும்புப் படங்களை அடுக்கிய பக்கங்கள்) எடுக்கிறேன், அசல் எலும்பைத் தொட வாய்ப்பில்லை. அப்புறம் நீளம், எடை. 6.6 மீட்டர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைவிடப் பெரியதாகவும் போடுகிறார்கள். எதை நம்புவது?

ஓடைமண்:

தட்டுப்படத்தில் அளக்கலாம், ஆனால் முதலில் அதைச் சோதியுங்கள். கட்டுரையின் அளவு அட்டவணையில் எண் உள்ள எலும்பு ஒன்றை எடுத்து, படத்தின் அளவுகோலால் அளந்து பாருங்கள். நான்கைந்து எலும்புக்கு இப்படிச் செய்தால் அந்தத் தட்டின் பிழை தெரிந்துவிடும். 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அட்டவணை எண்ணையே வைத்துக்கொண்டு படத்தை அதற்கேற்ப நீட்டிக் குறுக்குங்கள், படம் உருவத்துக்கு மட்டும்.

விலகலுக்குப் பெரும்பாலும் காரணம் கேமரா தூரம். 20 செ.மீ. தடிமனான எலும்பை மேசையில் வைத்து, அளவுகோலையும் மேசையிலேயே வைத்து, 1 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், எலும்பின் நடுத்தளம் அளவுகோலைவிட 10 செ.மீ. கேமராவுக்கு அருகில் இருக்கும். 100-ஐ 90-ஆல் வகுத்தால் 1.11. எலும்பு 11 விழுக்காடு பெரிதாகத் தெரியும். அதையே 3 மீட்டரிலிருந்து எடுத்தால் பிழை 3.4 விழுக்காடுதான். அசலைத் தொடும் வாய்ப்பு என்றாவது கிடைத்தால் அளவுகோலை எலும்பின் பாதித் தடிமன் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அல்லது 150 படம் போல் சுற்றி எடுத்து, படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் உண்டாக்கும் மெட்டாஷேப்பிலோ மெஷ்ரூமிலோ ஏற்றுங்கள். அடுத்தடுத்த படங்கள் 70 விழுக்காடாவது ஒன்றின் மேல் ஒன்று படியட்டும். அளவுகோல் இரண்டு வையுங்கள். ஒன்று அளவு கொடுக்க, மற்றது சரிபார்க்க.

படத்தை மட்டுமே நம்ப வேண்டிய கட்டாயம் பெரிய ஆய்வுகளுக்கும் வருகிறது. எகிப்தின் பஹாரியாவில் கிடைத்த ஸ்பைனோசாரஸின் முதல் எலும்புகள் 1944-இல் மியூனிக் குண்டுவீச்சில் அழிந்தன. ஸ்ட்ரோமர் 1915-இல் வெளியிட்ட விவரிப்பும் படங்களும்தான் எஞ்சின. 2014-இல் மொராக்கோ எலும்புக்கூட்டோடு அந்தப் படங்களையும் வேறு தனி எலும்புகளையும் அளவு மாற்றிச் சேர்த்து ஒரே உடலாக்கியபோது கால்கள் மிகக் குட்டையாக வந்தன. உடனே அளவு மாற்றிய விகிதம் சரிதானா என்று சண்டை கிளம்பியது. வேறு வேறு உடல்களைச் சேர்க்கும் கூட்டில் கேள்வி எப்போதும் அந்த ஒட்டு விழும் இடத்தில்தான் வரும். உங்கள் படத்தில் ஒட்டு எங்கே என்று நீங்களே காட்டிவிடுவது நல்லது.

இனி நீளம். மொத்த நீளத்தைத் தலைப்பில் பெரிதாகப் போடாதீர்கள். டைனோசார்களில் முழு வால் கிடைத்த மாதிரிகள் மிகக் கொஞ்சம், கிடைத்தவற்றிலும் நெருங்கிய உறவினருக்குள்ளேயே நீளம் கணிசமாக மாறுகிறது. மூக்கு நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரு எண், வாலுக்குத் தனியாக ஒரு வரம்பு என்று கொடுங்கள். 6.6 மீட்டர் என்பது 2016-இல் பல அபெலிசார்களின் அளவுகளை ஒன்றாகப் போட்டுக் கிடைத்த கணக்கு. ஒரே உறவினரின் விகிதத்தை நீட்டி எடுத்த எண்களைவிட அதற்கே என் ஓட்டு.

எடைக்கு இரண்டு வழி. ஒன்று கால் எலும்பின் சுற்றளவு. நாலுகால் விலங்குக்கான கேம்பியோனி–எவன்ஸ் சமன்பாடு: மேற்கை, தொடை எலும்புகளின் குறைந்தபட்சச் சுற்றளவுகளைக் கூட்டி மி.மீ.-இல் எடுத்து, அதன் பத்தடி மடக்கையை 2.749-ஆல் பெருக்கி 1.104-ஐக் கழித்தால் எடையின் மடக்கை கிராமில் வரும். அர்ஜென்டினாவின் ராட்சத சாரோபாட் ட்ரெட்நாட்டஸுக்கு 785 + 910 = 1,695 மி.மீ. போட்டால் 59.3 டன். 2014-இல் செய்தியெல்லாம் இந்த எண்தான். மறுவருடமே, கூட்டைச் சுற்றி உடலை உருவாக்கிப் பார்த்தவர்கள் அவ்வளவு சதையை இந்த எலும்புக்கூட்டில் ஏற்ற முடியாது, 38 டன்னுக்குள்தான் என்றார்கள். சமன்பாட்டின் சராசரிப் பிழையே சுமார் 25 விழுக்காடு. அப்படிப் பார்த்தாலும் 44-க்குக் கீழே போகவில்லை. இரண்டு வழியும் ஒத்துப்போகாதபோது இரண்டையும் போடுவதுதான் நேர்மை. இதே ட்ரெட்நாட்டஸுக்கு ‘70 விழுக்காடு கிடைத்தது’ என்றும் படித்திருப்பீர்கள். அது தலையை விட்டுவிட்டு, ஒரு பக்கத்து எலும்பு மறுபக்கத்துக்கும் பதில் சொல்லும் என்ற கணக்கு. எலும்புகளை எண்ணினால் 45 விழுக்காடு.

உங்கள் விலங்கு இருகாலி. அதற்குத் தொடை எலும்பு மட்டும் வைக்கும் திருத்திய சமன்பாடு உண்டு, ஆனால் முழுத் தண்டு வேண்டும். அதனால் இரண்டாவது வழியே உங்களுக்கு வசதி. பக்கவாட்டுப் படத்தையும் மேலிருந்து பார்க்கும் படத்தையும் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் உயரம் × அகலம் × தடிமன் × 0.785 என்று கூட்டினால் கன அளவு. அடர்த்தி 0.8 ஒரு முறை, 0.9 ஒரு முறை. நுரையீரலும் காற்றுப்பைகளும் இருப்பதால் 1 போடக் கூடாது. வயிற்றை ஒல்லியாக ஒன்று, தடியாக ஒன்று வரைந்தால் நான்கு விடை வரும். அந்த நான்கின் வீச்சே உங்கள் வரம்பு.

ஒற்றை எலும்பிலிருந்து எடை சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம்ம ஊர் உதாரணம் ஒன்று. அரியலூர் கல்லமேட்டின் ப்ருஹத்காயோசாரஸ். யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ஆம் ஆண்டு இதழில் விவரித்தார்கள், முதலில் மாமிசபட்சிணி என்றுதான். பிற்பாடு சாரோபாட் என்றானது. கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். எலும்புகள் பிளாஸ்டர் உறைக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கி, ஜிஎஸ்ஐ போய்ச் சேருமுன்பே இல்லாமல் போயின. மிச்சம் வரைபடங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்களும்.

டைட்டனோசார் என்ற ராட்சத சாரோபாட் வகையில் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பில் 0.60 முதல் 0.65 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.65 என்றால் தொடை 3.08 மீட்டர். 0.60 என்றால் 3.33 மீட்டர். ஒப்பிட அந்த வகையில் பெரிதான பட்டகோடைட்டன், தொடை 2.38 மீட்டர். நீள விகிதத்தைக் கன அடுக்காக்கினால் 2.17 மடங்கிலிருந்து 2.74 மடங்கு. பட்டகோடைட்டன் எடை 57 டன் என்றால் 123-இலிருந்து 156 டன். அதே விலங்குக்கு முன்பு சொன்ன 69 டன்னைப் போட்டால் 149-இலிருந்து 189. எலும்பு மாறவில்லை, நாம் கடன் வாங்கிய இரண்டு எண் மாறியது, விடை 66 டன் நகர்ந்துவிட்டது. அந்த 2 மீட்டர் எலும்பு உண்மையிலேயே கீழ்க்கால் எலும்புதானா என்ற கேள்வியை இன்னும் தொடவே இல்லை. அர்ஜென்டினோசாரஸில் 155 செ.மீ. எலும்பை முதலில் கீழ்க்காலின் பெரிய எலும்பு என்றார்கள். அது பக்கத்து மெல்லிய எலும்பு. அரியலூர், பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரமே கிடக்கிறது என்பதால், ப்ருஹத்காயோசாரஸும் கல்மரமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சிறு துண்டு மிஞ்சியிருந்தால் மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வழக்கு அது.

பாறைப்படிவு:

ஓடைமண் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். உறவினரிடமிருந்து விகிதம் கடன் வாங்குவதே சரியான ஆரம்பம் என்றாலும், சில சமயம் அதுவும் மொத்தமாகக் கவிழும். 1965-இல் மங்கோலியாவில் டெய்னோகெய்ரஸின் 2.4 மீட்டர் கைகள் கிடைத்தன. தீக்கோழி மாதிரி டைனோசார்களின் உறவு என்று பிறகு சரியாகவே வகைப்படுத்தினார்கள். அதை வைத்து வரைந்தவர்கள் மெலிந்து ஓடும் பெரிய விலங்கை வரைந்தார்கள். 2014-இல் உடல் வெளியானது: முதுகில் உயர்ந்த முள்ளெலும்பு, வாத்து மாதிரி வாய், குட்டைக் கால், 6 டன்னுக்கு மேல் எடை. உறவு சரி, விகிதம் தப்பு. முன்கையிலிருந்து உடலைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் அதுவரை தெரிந்த எதுவும் உதவவில்லை.

ராஜாசாரஸுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். இடுப்பும் முதுகும் காலும் கையில் இருக்கின்றன, உடலின் பருமனை முடிவு செய்வது அவைதான். முன்கையும் வால் நுனியும் தப்பானாலும் எடை நகராது.

வால்முள்:

வண்ணத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. அச்சுக்குப் போகும் படம் என்றால் ‘அ’ வெள்ளை, ‘ஆ’, ‘இ’ வெளிர்சாம்பல், ‘ஈ’ அடர்சாம்பல், ‘உ’ வெறும் வெளிக்கோடு. நிறத்தை நம்பாதீர்கள், கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் தெரிய வேண்டும். முறிந்த எலும்பில் முறிவு விளிம்பையே எல்லையாக வரையுங்கள். முழு எலும்பையும் வெள்ளையாக்கிவிட்டால் பாதித் தொடை எலும்பு முழுத் தொடை எலும்பாகப் பதிவாகிவிடும். பிளெண்டரில் ஐந்து எழுத்துக்கும் ஐந்து தனித் தொகுப்பு வைத்தால், ஒரு சொடுக்கில் ஊகத்தை அணைத்துவிட்டு மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம். மாதிரியைக் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சியையும் ஒரு படமாகக் கொடுங்கள்.

முப்பரிமாண அச்சு என்றால் 1:10-இல் வால் நுனி முள்ளெலும்புகள் சில மில்லிமீட்டர்தான் வரும், பிசின் அச்சு இல்லாமல் உடையும். வாலின் அந்தப் பகுதியைத் தனி எலும்பாக அச்சடிக்காமல், உள்ளே 2 மி.மீ. எஃகுக் கம்பி ஓடும்படி ஒரே துண்டாக எடுத்துவிடுங்கள்.